தூளிக் கொட்டகை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்பதை உன் மகள் எழுதும் கடிதத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. போன தடவை "அம்மா நல்லா நடக்கறாங்க மாமா" என்று எழுதியிருந்தாள். எங்கிருந்து எங்கே நடக்கிறாய் என்று எழுதவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் போவதும் நடைதான். அடுத்த முறை விவரமாக எழுதச் சொல்.

போனில் பேசினால் உனக்குக் காது கேட்பதில்லை. நான் சொல்வதை அவள் உன் காதில் கத்த, நீ கேட்காததற்கெல்லாம் "ஆங், சாப்பிட்டேன்" என்று பதில் சொல்ல, நடுவில் அவள்தான் களைத்துப் போகிறாள். அதனால்தான் பழையபடி கடிதத்துக்கே வந்துவிட்டேன். நீ எழுத்துக் கூட்டிப் படிக்க வசதியாகப் பெரிதாக, வரிக்கு வரி இடம் விட்டு எழுதியிருக்கிறேன். பதிலை நீயே எழுது என்றால், "வாத்தியாருக்கு எழுதினா மார்க் போட்டுருவான்" என்று மகளை எழுத வைக்கிறாய். போகட்டும். அடியில் உன் கையால் ஓர் ஏணி வரைவாயே, இரண்டு நெட்டுக் கோடு, மூன்று குறுக்குக் கோடு, அது போதும் எனக்கு. பள்ளிக்கூடத்தில் என் சட்டை மாறிப் போகாமல் இருக்கக் காலரின் உட்பக்கம் நீ நூலால் தைத்துவிட்ட அதே ஏணி.

இனி நல்ல சேதி. நீ வேலை பார்த்த ஆலைக்கு விடிவு வந்துவிட்டது.

பூட்டிக் கிடக்கும் நூற்பாலையை ஒரு கட்டடக் கம்பெனி வாங்கியிருக்கிறது, மொத்தத்தையும் இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பப் போகிறார்கள் என்று முன்பே எழுதியிருந்தேன் அல்லவா? இப்போது பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் அரசாங்கக் குழு குறுக்கே வந்து நிற்கிறது. ஆலையின் எந்தப் பகுதிக்கு என்ன முக்கியத்துவம் என்று பழைய தொழிலாளர்கள் ஓர் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அதை வைத்துத்தான் எது நிற்கும், எது விழும் என்று முடிவு செய்வார்களாம். அந்த அறிக்கையைத் திருத்திக் கொடுக்கும் பொறுப்பு யாரிடம் வந்தது தெரியுமா? உன் தம்பியிடம்.

தொழிலாளர் சங்கத் தலைவர்தான் கொண்டுவந்தார். ஆலையில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தவர். ஆள் மேலும் கீழும் ஒல்லி, நடுவில் மட்டும் வயிறு. நூல் சுற்றிய பாபின் கட்டை மாதிரி இருப்பதால் ஊரே அவரைப் பாபின் என்றுதான் கூப்பிடுகிறது. "சார், வெவரம் எல்லாம் நம்மளது. இலக்கணம் மட்டும் உங்களுது" என்று ஒரு காகிதக் கட்டை என் மடியில் வைத்தார்.

அக்கா, அந்தக் கட்டடத்தை நான் தினமும் பார்த்திருக்கிறேன், ஆனால் படித்ததில்லை. கூரை ஏன் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்குகிறது என்று உனக்குத் தெரியும், எனக்கு இப்போதுதான் தெரிந்தது. வடக்குப் பக்கம் மட்டும் கண்ணாடி வைத்தால் வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் வருமாம். நல்ல வகுப்பறைக்கு உள்ள இலக்கணம் இதுதான். வார்ப்பிரும்புத் தூண்கள் உள்ளே குழாய் மாதிரி. கூரையில் விழும் மழை தூண் வழியாகவே இறங்கிப் போகும். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து எழுதினேன்.

ஓர் இடத்தில் மட்டும் சிரிப்பு வந்தது. 'பின்பக்கத் தூளிக் கொட்டகையையும் காக்க வேண்டும்' என்று ஒரு வரி. தூளி என்றால் தூசி. பழைய பாட்டுகளில் படை நடக்கும்போது தூளி எழுந்தது என்று வரும். ஆலைக்காரர் வாயில் அந்தச் சொல் உயிரோடு இருக்கிறதே என்று பூரித்துப் போனேன். ஆனால் குழுவில் இருப்பவர்களுக்குப் புரிய வேண்டுமே? ஆலையின் பழைய வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் 'தூசி அறை' என்றே இருந்தது. சந்தேகம் தீர்ந்தது. 'தூசிக் கொட்டகை' என்று மாற்றி, பஞ்சு அடிக்கும்போது பறக்கும் தூசிக்காக ஒதுக்கிய இடம் என்று ஒரு விளக்கமும் சேர்த்து, வரிசையில் கடைசிக்குக் கொண்டுபோய்விட்டேன். பாபின் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "வாத்தியார் பாத்தத நான் என்னத்தப் பாக்கறது" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். குழுவிலிருந்து வந்த அதிகாரிப் பெண் வாங்கிப் படித்து, "இவ்வளவு தெளிவான அறிக்கை எங்களுக்கு வந்ததே இல்லை சார்" என்றாள். உன் அண்ணிக்கு—தப்பு, என் வீட்டுக்காரிக்கு—சந்தோஷத்தில் முறை கூட மறந்துவிடுகிறது பார்—உன் தம்பி மனைவிக்கு அன்றைக்கு என்னோடு பேசவே முடியவில்லை, அவ்வளவு அலட்டினேன்.

போன முறை நீ வந்திருந்தபோது ஆலைக் கேட்டுக்கு வெளியே நின்று, "பின்பக்கத்த விட்டுடாதீங்கடா" என்று மட்டும் சொன்னாய். ஏன் என்று கேட்டதற்கு, "ஆலைப் பேச்சு ஆலையோட" என்றாய். எப்போதும் சொல்வதுதானே. கவலைப்படாதே. முன்பக்கமோ பின்பக்கமோ, எதுவும் போகாது. நான் இருக்கிறேன்.

மருந்தை வேளைக்குச் சாப்பிடு. ஏணியை மறக்காதே.

உன் அன்புத் தம்பி

*

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நீயே படி. உன் மகளைப் படித்துக் காட்டச் சொல்லாதே. மெதுவாகப் படி, அவசரம் இல்லை. இல்லை, கொஞ்சம் அவசரம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இங்கே உன் தம்பி மனைவிக்குக் கண் புரை எடுத்தாகிவிட்டது. கட்டு அவிழ்த்த அன்றைக்கே என்னைப் பார்த்து, "இவ்வளவு கிழவராவா இருந்தீங்க இத்தனை நாளா?" என்று கேட்டாள். டாக்டரே சிரித்துவிட்டார். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்கிறார். அவருடைய நாளை எது என்று தெரியவில்லை. எதிர் வீட்டுக்காரர்கள் நாய் வளர்க்கிறார்கள். அது அவர்களைத் தவிர எல்லோர் பேச்சையும் கேட்கிறது.

விடை தெரியாத கேள்வியைப் பிள்ளைகள் கடைசிக்கு ஒத்திப்போடுவார்கள். தெரிந்த கேள்விக்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி வைப்பார்கள். எத்தனை விடைத்தாள் திருத்தியிருக்கிறேன், முதல் பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இந்தக் கடிதத்தின் முதல் பக்கமும் அப்படித்தான்.

உன் பதில் வந்தது. உன் மகள் எல்லாம் எழுதியிருந்தாள். உன் முழங்கால், புதுத் தைலம், ஜன்னலுக்கு வெளியே வரும் புறா, எல்லாம். தாளைத் திருப்பிப் பார்த்தேன். உறைக்குள் விரலை விட்டுத் துழாவினேன். ஏணி இல்லை.

கை வலியாக இருக்கும் என்றேன் வீட்டில். அவள் கண்ணில் கட்டோடு படுத்தபடியே, "கைவலின்னா எழுதியிருப்பாங்களே. இது வேற வலி. போன லெட்டர்ல என்னத்த எழுதித் தொலைச்சீங்க?" என்றாள். நான் எழுதியதை வரி வரியாக நினைத்துப் பார்த்தேன். தப்பாக எதுவும் தட்டுப்படவில்லை. தப்பைக் கண்டுபிடிப்பதே தொழிலாக இருந்தவனுக்கு.

பிறகு குழுவின் முடிவு வந்தது. ஆலையை மூன்று வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். புகைபோக்கியும் ரம்பப்பல் கூரை போட்ட நூற்புக் கூடமும் முதல் வகுப்பு. ஒரு செங்கல்லைக்கூடத் தொடக்கூடாது. முன்பக்க அலுவலகம் இரண்டாம் வகுப்பு. வெளிச்சுவரை வைத்துக்கொண்டு உள்ளே மாற்றிக்கொள்ளலாம். மூன்றாம் வகுப்பில் ஒன்றே ஒன்று. 'தூசிக் கொட்டகை. சிறப்பு ஏதும் இல்லை. அகற்றலாம்.' அந்த இடத்தில்தான் கார் நிறுத்துமிடத்துக்கு வழி விடப் போகிறார்களாம். இயந்திரங்கள் உள்ளே வருவதற்கும் அதுதான் பாதை என்பதால் முதலில் விழப்போவதும் அதுதான்.

பை பாதி நிறைந்தாலே வெற்றி என்று நினைக்கிற ஊர் இது. புகைபோக்கியும் கூடமும் தப்பின என்று கேட்டதுமே பாபின் வயிறு குலுங்கச் சிரித்தார், மிச்சத்தை அவர் படிக்கவே இல்லை. அதிகாரிப் பெண் எல்லோரையும் ஆலைக்குள் கூட்டிப்போய்க் காட்டுவதாகச் சொன்னாள். எப்போது பார்த்தாலும் அளவு நாடாவும் கையுமாக இருப்பதால் பாபின் அவளை டேப்பு மேடம் என்றுதான் கூப்பிடுகிறார். அவளும் திரும்பிப் பார்க்கிறாள். நூற்புக் கூடத்தைப் பார்த்தோம். நான் எழுதிய வாக்கியங்களையே அவள் எங்களுக்கு விளக்கிச் சொன்னாள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

கடைசியில் பின்பக்கம் போனோம். பூட்டுத் துருப்பிடித்திருந்தது, கல்லால் தட்டித் திறந்தார்கள். நீளமான அறை. சுண்ணாம்புச் சுவர். இரண்டு பெரிய ஜன்னல். தூசிக்கு எதற்கு இத்தனை பெரிய ஜன்னல் என்று நினைத்துக்கொண்டே மேலே பார்த்தேன். உத்தரத்தின் நீளத்துக்கும் இரும்புக் கொக்கிகள். மேலே துருப்பிடித்து, அடிப்பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்து, எத்தனையோ காலம் துணி உரசிய மாதிரி.

"தூசி ரூம்ல எதுக்குங்க இத்தனை கொக்கி?" என்று பாபினிடம் கேட்டேன்.

"எது, தூசியா?" என்றார் அவர். "தூளி சார், தூளி! புள்ளையப் போட்டு ஆட்டுவாங்களே, அந்தத் தூளி. நீங்களும் நானும் தொங்கின எடம் இது. என்ன சார், எழுதிக் குடுத்ததே நீங்கதான், என்னயக் கேக்கறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பாதிவரை சிரித்தேன். டேப்பு மேடம்தான் முதலில் நிறுத்தினாள். பையிலிருந்து அறிக்கையை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். பாபின் எட்டிப் பார்த்தார். அவர் வாய்விட்டுப் படித்ததை என் காது கேட்டது. "தூ... சி... க் கொட்டகை." பிறகு என்னைப் பார்த்தார்.

நம் வீட்டில் ஏணை என்போம், தொட்டில் என்போம். ஆனால் தூளி என்ற சொல் எனக்குத் தெரியாததல்ல. தெருவில் எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன்! படிப்பு முந்திக்கொண்டது. பாட்டில் வரும் தூளி கண்ணுக்குத் தெரிந்தது, வீட்டில் ஆடும் தூளி தெரியவில்லை. என்னோடு ஒரு வாத்தியார் வேலை பார்த்தார். பசுவைப் பற்றி எழுதச் சொன்னபோது ஒரு பையன் 'எங்கள் பசு பால் தராது' என்று எழுதினான். இவர் சிவப்பு மையில் அடித்து 'தரும்' என்று போட்டுக் கொடுத்தார். பையன் வந்து, "சார், நெசமாவே குடுக்காது சார், அது கெழடு" என்று அழுதான். ஓய்வு பெறும் வரையில் அவரைப் பார்த்தால் நாங்கள் பசு வாத்தியார் என்று சிரிப்போம். இனி சிரிக்க எனக்கு வாயில்லை.

அப்புறம் பாபின் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். அவருடைய அம்மா சொல்லிக் கேட்டதாம். உனக்குத் தெரியாததை நான் எழுதவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முன்பெல்லாம் பெண்கள் குழந்தைகளைப் பஞ்சுக் கூடைக்குள் படுக்க வைத்து மெஷினுக்கு அடியில் தள்ளிவிட்டு வேலை செய்தார்களாம். பஞ்சு மூக்கில் ஏறி ஒரு குழந்தை மூச்சுத் திணறி இறந்துவிட்டது. மறுநாள் காலை சங்கு ஊதியது. பெண்கள் எல்லோரும் உள்ளே வந்தார்கள், ஆனால் மெஷின் முன்னால் நிற்கவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மேஸ்திரி கத்தினார், மானேஜர் வந்து கத்தினார். மறுபடி சங்கு ஊதினார்கள். பிள்ளைகள்தான் பயந்து அழுதன, பெண்கள் எழவில்லை. அப்படி உட்கார்ந்தே வாங்கிய அறை அது. தூசி அறையைக் காலி செய்து, அவர்களே கழுவி, அவர்களே சுண்ணாம்பு அடித்து, கொக்கி மாட்டிக்கொண்டார்களாம். வரைபடத்தில் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. பின்னால் வந்த நானும் வரைபடத்தைத்தான் நம்பினேன்.

டேப்பு மேடம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சார், இந்தக் கூரையும் தூணும் எல்லா ஊர் ஆலையிலயும் இருக்கு. இந்த மாதிரி ரூம் நான் எங்கயும் பாத்ததில்ல" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஒவ்வொரு கொக்கிக்கும் நேராகச் சுவரில் ஓர் அடையாளம் வரைந்திருந்தது. எந்தப் பிள்ளை யாருடையது என்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாவுக்குத் தெரிவதற்காகவாம். எழுத்துத் தெரியாத காலம். ஒரு சீப்பு. ஒரு மீன். ஒரு சாவி, அதுதான் தன் அம்மாவுடையது என்று பாபின் தொட்டுக் காட்டினார். நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஜன்னலை ஒட்டிய கடைசிக் கொக்கி வந்தது. காற்று வரும் இடம், நல்ல இடம்.

இரண்டு நெட்டுக் கோடு. மூன்று குறுக்குக் கோடு.

அக்கா, என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனதாகத்தானே எப்போதும் சொல்வாய்? என்னைப் பெற்ற கையோடு அம்மா போய்ச் சேர்ந்தபோது உனக்கு வயது பதினைந்தோ பதினாறோ. அப்பா லாரியோடு போனவர், வந்தால் உண்டு. பக்கத்து வீட்டு அம்மாள் நல்லவள், என்னைப் பார்த்துக்கொண்டாள் என்று நீ சொன்னதை நம்பி, அந்த அம்மாள் இருந்தவரை நான் அவளுக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தேன். அவளும் ஒன்றும் புரியாமல் வாங்கிக்கொண்டாள், பாவம்.

நான் சுவரில் கை வைத்தபடி நிற்பதைப் பார்த்துவிட்டுப் பாபின், "இதுதான் உங்கம்மா மார்க்கா சார்?" என்று கேட்டார்.

அம்மா இல்லை, அக்கா என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "எங்கம்மா உங்கம்மான்னுதான் சொல்லும். ஏணிக்காரி, ஏணிக்காரி மகன்னு. பெத்தவங்களுக்கு மட்டுந்தான் இங்க கொக்கி. அது ஆலை ரூலு. அக்கா தங்கச்சிக்கெல்லாம் கெடையாது" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். வெளியே போய் நின்றுகொண்டார்.

அதற்குமேல் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. என்னை உன் பிள்ளை என்று சொல்லித்தான் அந்தக் கொக்கியை வாங்கியிருக்கிறாய். கல்யாணம் ஆகாத பெண், கையில் பிள்ளை. ஆலையில் என்ன பேசியிருப்பார்கள், தெருவில் என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்கும் கற்பனை இருக்கிறது. உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் தெருவில் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனதும், உன் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போனதும், நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் நீ மாலை மாற்றியதும் எனக்குத் தெரியும். பொருத்தமான இடம் அமையவில்லை என்றுதான் இதுநாள் வரை நினைத்திருந்தேன். 'ஆலைப் பேச்சு ஆலையோட' என்று நீ சொன்னபோதெல்லாம் அது உன் சுபாவம் என்று விட்டுவிட்டேன். ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். பிள்ளைகளைக் கேள்வி கேள், கேள்வி கேள் என்று துரத்தியவன் நான்.

தூளியில் கிடந்தவனே அதைத் தூசியாக்கிவிட்டேன். நீ அதை எழுத்துக் கூட்டி, மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகப் படித்திருப்பாய். நான் பெரிதாக வேறு எழுதியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் தம்பி மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "ஊர்ப் புள்ளைங்களை எல்லாம் திருத்தி முடிச்சாச்சு. அவங்களையும் திருத்திட்டீங்க" என்றாள். சாப்பாடு போட்டாள். அவளும் சாப்பிடவில்லை.

மறுநாளே குழுவின் அலுவலகத்துக்குப் போனேன். தப்பு என்னுடையது, தொழிலாளர்கள் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். கம்பெனியின் வக்கீலும் அங்கே இருந்தார். சிரித்த முகம். "அன்னிக்குத் தூசின்னீங்க, இன்னிக்குத் தூளிங்கறீங்க. அடுத்த வாரம் கோயில்னு சொல்லுவீங்களா சார்?" என்றார். கொக்கி என்றால் மூட்டை தொங்கவிட்டிருக்கலாம், படம் என்றால் யாரும் கிறுக்கியிருக்கலாம் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கையில் ஆதாரமாக இருப்பது என் தமிழ்.

குழுத் தலைவர் நல்ல மாதிரி. அடுத்த மாதக் கடைசியில் ஆட்சேபம் கேட்க ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார். அதுவரை இடிக்கக் கூடாது என்று தடையும் போட்டிருக்கிறார். ஆனால் கேள்விப்பட்டதைச் சொன்னால் செல்லாது. அந்த அறையில் பிள்ளையை விட்டு வேலை பார்த்த ஒருவர் தன் வாயால், அல்லது தன் கையால், சொல்ல வேண்டும். பாபினும் நானும் அங்கே கிடந்தவர்கள்தான், ஆனால் கிடந்ததை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? பாபின் ஊர் முழுக்க அலைந்து பார்த்தார். மீன்காரி போய்விட்டார். சாவிக்காரி, அதாவது அவர் அம்மா, போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆகிறது. சீப்புக்காரி இருக்கிறார், ஆனால் பெற்ற மகளையே யார் நீ என்று கேட்கிறாராம்.

மிச்சம் இருப்பது ஏணிக்காரி.

இதை எழுதவே எனக்குக் கூசுகிறது அக்கா. தப்புச் செய்தவன் நான். அதைச் சரிசெய்ய உன்னைக் கூப்பிடுகிறேன். அதுவும் எதைச் சொல்லச் சொல்லி? வக்கீல் சும்மா விடமாட்டார். பெற்றவர்களுக்கு மட்டும் என்று இருந்த இடத்தில் உங்களுக்கு எப்படிக் கொக்கி கிடைத்தது என்று கேட்பார். நீ அந்த வயதில், அந்த வாசலில் நின்று என்ன சொன்னாயோ, அதை இத்தனை வருஷம் கழித்து நாலு பேர் முன்னால் திரும்பச் சொல்ல வேண்டி வரும். உன் மகளுக்குக்கூட அது தெரியுமோ தெரியாதோ. அதனால்தான் நீயே படி என்றேன். அந்த அறை நிற்பதா, உன் மௌனம் நிற்பதா என்பதை நீ முடிவு செய். எதை நீ தேர்ந்தெடுத்தாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். உன்னைப் பற்றி நானே போய்ச் சொல்லிவிடலாமே என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ஒரு முறை உன் சொல்லை எடுத்து என் சொல்லைப் போட்டேன். மறுபடியும் அதைச் செய்ய மாட்டேன்.

எழுதுவதானால் உன் கையால் எழுது. ஒற்று மிகுந்தாலும் குறைந்தாலும், வரி கோணினாலும், தூளிக்கு எந்த 'ளி' போட்டாலும் சரி. ஓர் எழுத்தை, ஒரு புள்ளியைத் திருத்த மாட்டேன். உறையைக்கூடப் பிரிக்காமல் குழுத் தலைவர் கையில் கொடுப்பேன். சிவப்புப் பேனாவைப் பாபினின் பேரப்பிள்ளைக்குப் படம் வரையக் கொடுத்துவிட்டேன், வீட்டில் இல்லை.

எழுத வேண்டாம் என்று தோன்றினால் எழுதாதே. உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரியில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படு. ஆனால் ஒரு வெள்ளைத் தாளில் ஏணியை மட்டும் போட்டு அனுப்பு. அது குழுவுக்கு அல்ல. யாரிடமும் காட்டமாட்டேன்.

கடிதம் முடிகிற இடத்தில் 'உன் தம்பி' என்று போட்டுத்தான் பழக்கம். இன்றைக்கு அந்தச் சொல்லை எழுதிப் பார்த்தேன், நிற்கவில்லை. வேறு ஒன்றை எழுதிப் பார்த்தேன். அதை எழுதும் உரிமை எனக்கு உண்டா என்று நீதான் சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளை நிரப்பச் சொன்ன கோடிட்ட இடம்தான். இதை நீ நிரப்பு. நீ எழுதுவது எதுவானாலும் சரியான விடை.

இப்படிக்கு,
உன் ....................